மருந்து வந்துவிட்டது, நம் கைப்பேசிக்கு எப்போது வரும்?

காலை வணக்கப் படம், கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளி அறிவிப்பு, வகுப்புத் தோழர் எடுத்து அனுப்பிய வெண்பலகைப் பாடம் என்று ஒரு நாளில் எத்தனையோ படங்கள் உங்கள் கைப்பேசிக்கு வருகின்றன. தெரியாத இணைப்பைத் தட்டாதே, தெரியாத செயலியைப் பதிவிறக்காதே என்று ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். படத்தைப் பார்க்காதே என்று மட்டும் யாரும் எச்சரிப்பதில்லை. வெறும் படம்தானே, பார்ப்பதால் என்ன ஆகிவிடும்?

2023 செப்டம்பரில் இக்கேள்விக்குக் கசப்பான பதில் கிடைத்தது. 'வெப்பி' என்னும் வகைப் படங்களைத் திறந்து காட்டும் ஒரு சிறிய திறந்த மூல மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருப்பது தெரியவந்தது. தந்திரமாகத் தயாரித்த ஒரு படம் திரையில் திறந்தாலே போதும். அதைத் தயாரித்தவரின் நிரல் உங்கள் கருவிக்குள் நுழைய வழி பிறந்துவிடும். ஓட்டையைப் பற்றி உலகுக்கு அறிவித்தபோதே, அதைச் சிலர் ஏற்கெனவே பயன்படுத்தி வருகிறார்கள் என்று கூகள் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மென்பொருளில் ஓட்டை இருப்பதைக் கண்டு நான் அதிகம் அஞ்சவில்லை. மனிதர் எழுதும் நிரலில் பிழை இருக்கத்தான் செய்யும். ஓட்டைக்கு மருந்து சில நாள்களில் தயாராகிவிடுகிறது. அந்த மருந்து ஈப்போவின் கடைவீதியில் புதுக் கைப்பேசி வாங்குபவருக்கு உடனே கிடைக்கிறது; சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ பழைய தோட்டப்புறத்தில், அப்பாவின் பழைய கைப்பேசியில் படிக்கும் மாணவருக்குக் கிடைக்காமலே போகலாம். இந்த இடைவெளிதான் உண்மையான ஆபத்து. அதைக் குறைக்கும் பொறுப்பில் ஒரு பங்கு மாணவர்களுக்கும், பெரும்பங்கு கருவிகளை விற்பவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும் உண்டு.

படம் எப்படித் திறக்கிறது?

ஒரு படத்தில் இலட்சக்கணக்கான வண்ணப் புள்ளிகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே அனுப்பினால் கோப்பு மிகப் பெரிதாகிவிடும். அதனால் படத்தைச் சுருக்கி அனுப்புகிறோம். அதற்கு உதவும் முறைகளில் ஒன்று, அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவராக இருந்த டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்டது. அடிக்கடி வரும் வண்ணத்துக்குக் குட்டையான குறியீடு, எப்போதாவது வரும் வண்ணத்துக்கு நீளமான குறியீடு. இவ்வளவுதான் அதன் அடிப்படை.

சுருக்கிய படத்தை மறுபடி விரிக்க, எந்தக் குறியீட்டுக்கு எந்த வண்ணம் என்று காட்டும் அட்டவணை ஒன்று வேண்டும். படத்தைத் திறக்கும் மென்பொருள், கோப்பில் உள்ள விவரங்களைப் படித்து அந்த அட்டவணையைக் கணினியின் நினைவகத்தில் எழுதுகிறது. எழுதுவதற்கு முன், அட்டவணை அதிகபட்சம் இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கும் என்று கணக்கிட்டு இடம் ஒதுக்குகிறது. ஒழுங்கான படங்களுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் வேண்டுமென்றே பொய்யான விவரங்களுடன் தயாரித்த கோப்பு வந்தால், அட்டவணை ஒதுக்கிய இடத்தையும் தாண்டி வளர்ந்துவிடும். வெப்பி மென்பொருளில் இருந்த ஓட்டை இதுதான்.

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்கைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். மங்கு நிறைந்து வழிந்தால் பால் மண்ணில் சிந்தும். அன்றைய எடை குறையும், அவ்வளவுதான். கணினியின் நினைவகத்தில் மங்குகள் ஒன்றையொன்று ஒட்டியே அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று வழிந்தால் அடுத்ததில் விழும். அந்த அடுத்த இடத்தில், கணினி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பே இருக்கலாம். வழிந்து விழுவதைத் திட்டமிட்டுத் தயாரிப்பவர், அந்தக் குறிப்பைத் தமக்கு வேண்டியபடி மாற்றி எழுதிவிட முடியும்.

ஒரே விதையிலிருந்து வந்த தோட்டம்

வெப்பி ஓட்டை உலகையே உலுக்கியதற்குக் காரணம், அந்தச் சிறிய மென்பொருள் இருந்த இடங்களின் எண்ணிக்கை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள், ஆண்ட்ராய்டு இயங்குதளம், லிப்ரே ஆபிஸ், பள்ளி விழாச் சுவரொட்டி தயாரிக்கப் பயன்படும் கிம்ப் எனப் பெயர் தெரிந்தவையும் தெரியாதவையுமாக எத்தனையோ மென்பொருள்களுக்குள் அது இருந்தது. ஒவ்வொருவரும் படம் திறக்கும் நிரலைப் புதிதாக எழுதுவதில்லை. நன்றாக எழுதப்பட்ட ஒன்றை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இப்படிப் பொதுவில் பயன்படும் நிரல் தொகுப்பை நிரலகம் என்கிறோம்.

பேராக் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்த ஒன்பதில் ஒன்று இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்படுகிறது. நம் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய மரங்களில் மிகப் பெரும்பாலானவை, விக்கம் கொண்டு சென்ற அந்த விதைகளின் வழி வந்தவையே.

ஒரே குடும்பத்து மரங்கள் என்பதால் ஒரே நோய் அனைத்தையும் தாக்க முடியும். தென் அமெரிக்காவில் அப்படி ஓர் இலைக்கருகல் நோய் இருக்கிறது. ஒரு பூஞ்சையால் வருவது. ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசில் காட்டில் தொடங்கிய 'ஃபோர்டுலாண்டியா' ரப்பர்த் தோட்டம் வீழ்ந்ததற்கு இந்நோய் முக்கியக் காரணம். அது மலேசியாவுக்குள் நுழையாமல் இருக்க இன்றும் கடுமையான தடுப்பு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன.

மென்பொருள் உலகமும் இப்படி ஒரு தோட்டம்தான். ஒரே நிரலகம் எல்லாக் கருவியிலும் இருப்பதால் ஒரே ஓட்டை எல்லாவற்றிலும் இருக்கும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நிலத்தில் நிற்கும் ரப்பர் மரத்தின் மரபை மாற்ற முடியாது. வெட்டிவிட்டு மறுநடவு செய்ய ஆண்டுகள் ஆகும். மென்பொருளை ஒரே இரவில் மாற்ற முடியும். அப்படி மாற்றும் வேலைக்குப் பெயர்தான் புதுப்பிப்பு.

பழுது பார்த்தவர்கள் தாமதிக்கவில்லை

நடந்ததைத் தேதிவாரியாகப் பாருங்கள். ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவும், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லேப் ஆய்வகமும் 2023 செப்டம்பர் 6 அன்று ஓட்டையைத் தெரிவித்தன. செப்டம்பர் 11இல் குரோமின் திருத்திய பதிப்பு வந்தது. மறுநாள் ஃபயர்ஃபாக்ஸ் தன் திருத்தத்தை வெளியிட்டது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் அதே வாரத்தில் திருத்தின. ஆண்ட்ராய்டின் அக்டோபர் மாதப் பாதுகாப்பு அறிக்கையில் இதற்கான திருத்தமும் இடம்பெற்றது. திருத்தம் அப்படியொன்றும் பெரிதல்ல: எழுதத் தொடங்கும் முன் அட்டவணைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து பார், பொருந்தாத கோப்பை ஏற்காதே.

இதில் லினக்ஸின் ஓர் ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கு பொதுவாகப் பல மென்பொருள்கள் ஒரே நிரலகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நிரலகத்தை ஒருமுறை புதுப்பித்தால் அதைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் அனைத்தும் பாதுகாப்புப் பெறும். கைப்பேசியிலும் விண்டோஸிலும் பல செயலிகள் தங்களுக்கென்று தனிப்படி வைத்திருக்கின்றன. ஊர்த் தொட்டியை ஒருமுறை கழுவினால் எல்லார் வீட்டுக்கும் நல்ல தண்ணீர் வரும். வீட்டுக்கு வீடு தனித்தொட்டி என்றால் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். ஆகவே, கைப்பேசியின் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. உலாவியையும் மற்றச் செயலிகளையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டும்.

கிம்ப் குழுவினரையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1990களில் பெர்க்லியில் படித்த இரு மாணவர்கள் தொடங்கிய மென்பொருள் அது. இன்று பெரும்பாலும் தன்னார்வலர்களே அதைப் பராமரிக்கிறார்கள். 2023 நவம்பரில் வந்த அதன் 2.10.36 பதிப்பு, சில வகைப் படக் கோப்புகளைத் திறக்கும்போது ஏற்பட்ட பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்தது.  நாம் செய்ய வேண்டியது புதிய பதிப்பை நிறுவுவது ஒன்றுதான்.

திறந்த மூலம் என்றால் பாதுகாப்பு இல்லையா?

யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம் என்றால் திருடனும் படிப்பானே என்று சில மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திறந்த மூல மென்பொருள்களில் பெரிய ஓட்டைகள் இருந்திருக்கின்றன. 2016 மே மாதத்தில் இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருளில் ஒன்று வெளிவந்தது. நீங்கள் ஓர் இணையத்தளத்தில் படம் பதிவேற்றும்போது அதைச் சிறிதாக்கப் பல தளங்கள் பயன்படுத்துவது அது. படக் கோப்புக்குள் இணைய முகவரிபோல் ஒன்றை எழுதி அதன் பின்னால் ஒரு கட்டளையைச் சேர்த்துவிட்டால், தளத்தின் கணினி அந்தக் கட்டளையை நிறைவேற்றியது.

ஆனால் நிரலை மறைத்து வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 2017 மே 12 அன்று உலகம் முழுவதும் பரவிய வான்னாகிரை தாக்குதலை நினைத்துப் பாருங்கள். பிரிட்டன் மருத்துவமனைகள்கூட அதனால் முடங்கின. அது தாக்கியது மூல நிரல் மூடப்பட்ட விண்டோஸை. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தும் பல நிறுவனங்கள் புதுப்பிக்கவில்லை.

உண்மையில், திருத்தம் வெளிவரும் நாளில்தான் புதுப்பிக்காதவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எந்த வரி மாறியிருக்கிறது, ஓட்டை எங்கே இருந்தது என்பது திறமையுள்ள எவருக்கும் தெரிந்துவிடும். அன்று முதல் அது இரகசியம் அல்ல. ஆகவே, திறந்த மூலமா மூடிய மூலமா என்ற விவாதத்தைவிட, திருத்தம் என் கருவிக்கு வந்துவிட்டதா என்ற கேள்வியே உங்களுக்கு முக்கியம்.

மருந்து எங்கே நின்றுவிடுகிறது?

ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குத் திருத்தம் நேரே வந்துவிடாது. கூகள் வெளியிட்டதைக் கைப்பேசித் தயாரிப்பாளர் தம் ஒவ்வொரு மாடலுக்கும் பொருத்திச் சோதித்து அனுப்ப வேண்டும். விலை உயர்ந்த மாடல்களுக்கு ஆண்டுக்கணக்கில் அனுப்புகிறார்கள். மலிவான மாடல்களுக்கு விரைவிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். அதற்குப் பிறகும் கைப்பேசி நன்றாக ஓடும், படம் எடுக்கும், புலனம் வேலை செய்யும். பாதுகாப்பு மட்டும் நின்றுபோயிருக்கும். அது வெளியே தெரியாது.

அப்படிப்பட்ட கைப்பேசிகள் யாரிடம் இருக்கின்றன? அண்ணனிடமிருந்து தம்பிக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று கைமாறும் வீடுகளில். இரண்டாம் கையாக வாங்கும் குடும்பங்களில். தோட்டம் துண்டாடப்பட்ட பின் பட்டணத்துக்கு வந்து, கிடைத்த வேலையில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகளில் பல இந்தப் பட்டியலில் அடங்கும். இதே வீடுகளில்தான் வங்கிச் செயலியும் பள்ளிப் பாடமும் ஒரே கைப்பேசியில் இருக்கின்றன. அந்தக் கைப்பேசிக்குள் ஒருவன் நுழைந்தால் போவது சேமிப்பு முழுவதும்.

இலவசமாகவோ மானியத்திலோ கருவி கொடுக்கும் திட்டங்களையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 'செர்டிக்' நிதியின் வழி 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கணினி வழங்க அறிவிக்கப்பட்டது. கோவிட் காலத்தில் அது மிக நல்ல முயற்சி. 2013இலேயே நம் பள்ளிகளில் குரோம்புக் கணினிகளைக் கொண்டுவரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தத் தலைமுறைக் குரோம்புக்குகளின் புதுப்பிப்புக் காலம் என்றோ முடிந்துவிட்டது. கருவியை ஒப்படைக்கும் விழாவில் எத்தனை கணினி என்று சொல்கிறோம். எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு வரும் என்று சொல்வதில்லை. என்னைக் கேட்டால் இரண்டாவது எண்ணும் விழா மேடையில் அறிவிக்கப்பட வேண்டும்.

பிற நாடுகள் இதைச் சட்டமாக்கத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் கருவியை விற்பவர் குறைந்தது எத்தனை காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார் என்பதை வெளியிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு கைப்பேசி மாடலின் விற்பனையைத் தயாரிப்பாளர் நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்தாண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும். பால் டின்னில் காலாவதித் தேதி பார்த்து வாங்கும் நமக்கு, கைப்பேசிப் பெட்டியிலும் அத்தகைய தேதி பெரிய எழுத்தில் வேண்டும். பயனீட்டாளர் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

நாம் சொல்லும் காரணங்கள்

புதுப்பிப்பு அறிவிப்பு வந்ததும் 'பிறகு' என்று தட்டுபவர்களை நான் சோம்பேறிகள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் சொல்லும் காரணங்களில் நியாயம் உண்டு.

டேட்டா தீர்ந்துவிடும் என்பது முதல் காரணம். முன்பணக் கட்டணத்தில் வாரத்துக்கு வாரம் நிரப்புபவருக்கு ஒரு பெரிய புதுப்பிப்பு உண்மையிலேயே சுமை. ஆனால் மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் முழு இயங்குதள மாற்றத்தைவிடப் பொதுவாகச் சிறியவை. உங்கள் வட்டாரத்தில் 'நாடி' எனப்படும் சமூக இணைய மையம் இருந்தால் அங்குள்ள இணைய வசதியைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிகளும் மாதம் ஒரு நாள், பாடம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம், மாணவர்களின் கருவிகளைப் பள்ளி வைஃபையில் புதுப்பித்துக்கொள்ள அனுமதிக்கலாம். கணினிக் கழகத்துக்கு இதைவிடப் பயனுள்ள நடவடிக்கை எனக்குத் தோன்றவில்லை.

கைப்பேசி மெதுவாகிவிடும் என்பது இரண்டாவது. பழைய கருவியில் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு அப்படி நேர்வதுண்டு. அதற்காகப் பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்துத் தள்ளிவைப்பது, மழைக்குப் பயந்து கூரை வேயாமல் இருப்பதற்குச் சமம்.

மூன்றாவது காரணம் போலிப் புதுப்பிப்பு. இந்தப் பயம் சரியான பயம். "உங்கள் கருவி ஆபத்தில் உள்ளது, உடனே புதுப்பிக்க இங்கே தட்டவும்" என்று இணையத்தளத்திலோ புலனத்திலோ வரும் செய்தி பெரும்பாலும் மோசடி. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பு படமே அல்ல. அது ஒரு செயலி. உண்மையான புதுப்பிப்பு மூன்று வழிகளில் மட்டும் வரும் என்று நினைவில் வையுங்கள்: கருவியின் செட்டிங்ஸ் பக்கம், அதிகாரபூர்வச் செயலிக் கடை, மென்பொருளைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளம். வேறு எங்கிருந்து வந்தாலும் தொடாதீர்கள். ஏமாந்துபோய்ப் பணம் இழந்தால் தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

புதுப்பிப்பே வராத கருவிக்கு என்ன செய்வது? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகள் பல வீடுகளில் உண்டு. அவற்றைத் தூக்கி எறியத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற திறந்த மூல இயங்குதளங்களில் ஒன்றை நிறுவினால் மறுபடியும் சில ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் வரும், அதுவும் காசில்லாமல். நிறுவும் முன் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இது எளிதல்ல. புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசியை வைத்திருப்பவர்கள் உலாவியையும் செயலிகளையும் முடிந்தவரை புதுப்பிக்கலாம்; வங்கிச் செயலியை மட்டும் வீட்டில் உள்ள புதிய கருவிக்கு மாற்றிவிடலாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் தொழில்நுட்பம் தெரிந்தவர் பெரும்பாலும் நீங்கள்தான். தாத்தாவுக்குக் காணொளி அழைப்பைச் சொல்லிக்கொடுத்ததும், அம்மாவுக்கு வங்கிச் செயலியைப் பதிவிறக்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். அதே கையோடு இந்த வாரம் இன்னொரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய், பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக வந்த தேதியைப் பாருங்கள். அதை ஒரு தாளில் எழுதுங்கள். புதுப்பிப்பு காத்திருந்தால் நிறுவுங்கள். தேதி ஓராண்டுக்கும் பழையதாக இருந்து, புதியது எதுவும் வரவில்லை என்றால், அந்தக் கைப்பேசியில் எந்தெந்தச் செயலிகள் இருக்க வேண்டும் என்று வீட்டாருடன் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த முறை அப்பா புதிய கைப்பேசி வாங்கக் கடைக்குப் போகும்போது கூடவே போங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், இதற்கு எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு வரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காகவாவது தெரிந்து வைத்துக்கொள்வார்.